இணைத் திறவுகோல்கள்

ஒரு வணிக நிறுவனத்தின் கணினி, வங்கியின் கணினியோடு இணையத்தின் வழியே நாள்தோறும் உரையாடுகின்றது. பணம் செலுத்துக என்னும் ஆணை வந்தால், அதனை விடுத்தது அந்நிறுவனமே என்று வங்கி எவ்வாறு தெளியும்? முகம் கண்டு அறிதற்கு அங்கே மனிதர் இலர். இருவருக்கும் தெரிந்த கடவுச்சொல் ஒன்றை அனுப்பலாம் எனின், அஃது இருவரிடத்தும் காக்கப்படல் வேண்டும். ஓரிடத்துக் களவு போயினும் கேடு விளையும்.

இவ்விடர் நீங்க வழி காட்டியவர் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர். ஒருவர்க்கு மறைத் திறவுகோல் ஒன்றும் பொதுத் திறவுகோல் ஒன்றும் இருத்தல் கூடும் என்னும் கருத்தை அவர்கள் 1976ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதனைச் செயற்படுத்தும் முறையொன்றை 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவர் கண்டனர். இரண்டு பெரும் பகா எண்களைப் பெருக்குதல் எளிது. பெருக்கி வந்த எண்ணிலிருந்து அவ்விரண்டையும் மீட்டறிதல் மிக அரிது. அவ்வருமையே இம்முறைக்கு அரண்.

நிறுவனத்தின் கணினி இவ்விணைத் திறவுகோல்களைத் தானே ஆக்கிக்கொள்ளும். மறைத் திறவுகோலால் இட்ட ஒப்பத்தைப் பொதுத் திறவுகோலால் சரிபார்க்கலாம். ஆனால் அதனால் ஒப்பமிட இயலாது. பொதுத் திறவுகோல் இன்னாருடையது என்பதற்குச் சான்று வேண்டுமன்றோ? ஆதலின் நிறுவனம் அதனைத் தன் பெயரோடு சான்றளிக்கும் அமைப்புக்கு அனுப்பும். அவ்வமைப்பு ஆராய்ந்து, காலவரையறை குறித்து, தன் ஒப்பமிட்ட சான்றிதழை வழங்கும். பின்னர் வங்கியை அணுகுங்கால் நிறுவனத்தின் கணினி அச்சான்றிதழைக் காட்டி, அவ்வேளையில் நிகழும் உரையாடலுக்கு ஒப்பமிடும். மறைத் திறவுகோல் இருந்த இடம் விட்டுப் பெயர்வதில்லை.

சான்று கூறுவோர் வழுவினால் யாது நிகழும்? நெதர்லாந்து நாட்டில் டிஜிநோட்டார் என்னும் நிறுவனம் சான்றிதழ் வழங்கி வந்தது. 2011ஆம் ஆண்டில் கள்வர் அதன் கணினிகளுள் புகுந்து, 500க்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை ஆக்கினர். கூகுளின் பெயரால் அமைந்த ஒன்றைக் கொண்டு ஈரான் நாட்டில் பலருடைய தொடர்புகள் இடைமறிக்கப்பட்டன. களவை அறிந்த பின்னும் அந்நிறுவனம் அதனை உடனே உலகிற்கு உரைத்திலது. உண்மை வெளிப்பட்டதும் இணைய உலாவிகள் அதன் சான்றிதழ்களை ஏற்க மறுத்தன. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களிலேயே அது நொடித்துப் போயிற்று.

அங்கே பகா எண்களின் கணக்குப் பழுதுபடவில்லை. காவலும் வாய்மையுமே பழுதுபட்டன. மறைத் திறவுகோலைக் காத்தல் உடையவர் கடன். களவு போயவிடத்து அதனை ஒளியாது உரைத்தல் அதனினும் பெருங்கடனாம்.