புல்லட்டுக்குப் புஷ் ராடு தேர்ந்தெடுப்பது எப்படி?



அறிவியல் வகுப்பில் டீச்சர் "வால்வுக்கு ஒரு உதாரணம் சொல்லுங்க" என்று கேட்டாங்க. ஒருத்தி இதயம் என்றாள். ஒருவன், நம்ம ஊர் பெல் கம்பெனியில் பாய்லருக்குச் செய்கிற வால்வு என்றான். நான் "புல்லட் வண்டி, டீச்சர்" என்றேன். எல்லோரும் சிரிச்சாங்க. அப்படிச் சிரிச்சவங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்க அப்பா தஞ்சாவூர் ரோட்டில் பைக் மெக்கானிக்.

புல்லட் 350 என்ஜினில் பிஸ்டன் போய் வரும் சிலிண்டரின் குறுக்களவு 7 செ.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 9 செ.மீ. கன அளவு கணக்குப் போட்டால் 22/7 × 3.5 × 3.5 × 9 = 346.5. அதனால்தான் 346 சிசி என்கிறார்கள். காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. முட்டை மாதிரி இருக்கிற கேம் சுற்றும்போது லிஃப்டரைத் தூக்கும். லிஃப்டர் புஷ் ராடு என்ற கம்பியைத் தள்ளும். கம்பி, சீசா பலகை மாதிரி இருக்கும் ராக்கரைத் தள்ளும். ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. என்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 5250 சுற்று என்றால் ஒரு வால்வு 2625 தடவை திறந்து மூடும். நொடிக்குக் கிட்டத்தட்ட 44 தடவை!

1955இல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. திருவொற்றியூரில் செய்த அந்தப் பழைய புல்லட்டில் வால்வு இடைவெளியைக் கையால்தான் சரி செய்யணும். என்ஜின் ஆறியிருக்கும்போது, இரண்டு வால்வும் மூடிய நிலையில், புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டணும். லேசாகச் சுற்றணும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. நான் ஆறாவது படிக்கும்போதே அப்பா இதைச் சொல்லிக் கொடுத்துட்டாங்க.

2008இலிருந்து வந்த யுசிஇ என்ஜினில் அந்த வேலை இல்லை. அதில் லிஃப்டருக்குள் பிளஞ்சர் என்ற குட்டி பிஸ்டன் இருக்கிறது. அதற்கு அடியில் ஆயில் நிரம்பி, இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். இதுதான் ஹைட்ராலிக் லிஃப்டர். கேமைத் தொடும் இடத்தில் ரோலர் இருப்பதால் தேய்க்காமல் உருளும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் திருகிச் சரி செய்ய ஒன்றும் இல்லை. புஷ் ராடு நீளம் தப்பினால் எல்லாமே தப்பு. இதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம்.

ஒரு அண்ணன் 2012 மாடல் புல்லட்டைக் கொண்டுவந்தார். வண்டி இன்னும் வேகமாகப் போகணும் என்று, வால்வை அதிகம் தூக்குகிற கேமை எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார். பழைய கேமையே சாணை பிடித்துச் செய்தது அது. முட்டையின் கூர்ப்பக்கம் உயரமாகத் தெரிய, உருண்டைப் பக்கத்தைக் குறைத்திருந்தார்கள். அதனால் லிஃப்டர் கீழே இறங்கி உட்கார்ந்தது. மாட்டி ஓட்டினால் டிக் டிக் என்று ஒரே சத்தம். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு நீளமான புஷ் ராடு போடணும், அவ்வளவுதான். அப்பா அளக்காமல், "கொஞ்சம் கூடவே இருக்கட்டும், ஆயில் லிஃப்டர்தானே, தாங்கும்" என்று லேத்தில் செய்து போட்டுட்டாங்க. சத்தம் நின்னு போச்சு. அண்ணனுக்குச் சந்தோஷம், அப்பாவுக்கும் சந்தோஷம்.

ஆறு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. கிக்கர் லேசாகிவிட்டது, இழுவை இல்லை. கழற்றிப் பார்த்தால் எக்சாஸ்ட் வால்வின் ஓரம் கருகிப் பிய்ந்திருந்தது. ஏன் தெரியுமா? பிளஞ்சர் முதல் நாளே அடிவரை போய் முட்டுகிற நிலையில் இருந்தது. ஓட ஓட வால்வு தன் சீட்டில் பதிந்து, அதன் தண்டு மேலே ஏறும். அப்போது பிளஞ்சர் கீழே இறங்கி இடம் கொடுக்கணும். இறங்க இடம் இல்லை. அதனால் வால்வு முழுசாக மூடவில்லை. எக்சாஸ்ட் வால்வு 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். மூடி சீட்டைத் தொடும்போதுதான் அந்தச் சூடு இறங்கும். மூடாத வால்வு கருகாமல் என்ன செய்யும்? செலவை அப்பாதான் ஏற்றார். அம்மாவின் சீட்டுப் பணம் போனது. இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை.

இப்போது எங்கள் கடையில் செய்யும் முறை இது. பழைய கம்பி ஒன்றை இரண்டாக வெட்டி, நடுவில் போல்ட்டும் நட்டும் வைத்து, நீளத்தை மாற்றுகிற மாதிரி அப்பா செய்திருக்காங்க. அதை வைத்து, ஆட்டம் நிற்கிற நீளத்தை நான் வெர்னியர் காலிப்பரால் அளப்பேன். (நம் அறிவியல் புத்தகத்தில் 'அளவீடு' பாடம். மீச்சிற்றளவு 0.01 செ.மீ.) பிளஞ்சர் மொத்தம் எவ்வளவு இறங்கும் என்பதையும் அளந்து, அதில் ஏறக்குறைய பாதி இறங்குகிற மாதிரி நீளத்தைக் கூட்டுவோம். இரண்டு கம்பிக்கும் தனித்தனியாக அளக்கணும். மாட்டியதும் உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. லிஃப்டரில் மிச்சம் இருக்கும் ஆயில் கசிந்து இறங்கும்வரை காத்திருக்கணும்.

ஸ்பிரிங்கும் கேமுக்குப் பொருந்தணும். பலம் குறைந்தால் வேகத்தில் ரோலர் கேமை விட்டுத் துள்ளும். பலம் கூடினால் ராக்கரும் கேமும் தேயும். வால்வு முழுசாகத் திறக்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டவே கூடாது. ஆயில் 15 டபிள்யூ 50, அதுவும் சுத்தமாக இருக்கணும். அழுக்கு ஆயிலில் பிளஞ்சர் மாட்டிக்கொள்ளும்.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில நொடி டிக் டிக் என்று கேட்டால் பயப்பட வேண்டாம். ஆயில் ஏறியதும் நின்றுவிடும். "சத்தம் போடுற வால்வு மூடுது பாப்பா, சத்தமே போடாததைத்தான் கவனிக்கணும்" என்று அப்பா இப்போது சொல்றாங்க.

2020இல் வந்த மீட்டியோர் 350 என்ஜினில் கேம் மேலேயே இருப்பதால் புஷ் ராடே கிடையாது. 2023இல் புல்லட்டும் அதற்கு மாறிவிட்டது. ஆனால் நம்ம ரோட்டில் யுசிஇ வண்டி நிறைய ஓடுது.

கீழே படம் ஒட்டியிருக்கிறேன். 1 கேம், 2 லிஃப்டர், 3 புஷ் ராடு, 4 ராக்கர், 5 வால்வு. ஸ்பிரிங்கை மட்டும் சரியாக வரைய வரவில்லை.

- மாணவி, ஒன்பதாம் வகுப்பு, திருவெறும்பூர்