சிறுநீர்ப்பையை அளத்தல்

அறுவை முடிந்து படுத்திருக்கும் நோயாளிக்குச் சிறுநீர் பிரியவில்லை. பை நிரம்பியும் நீர் வெளிவராமல் தடைப்பட்டதா? அன்றிப் பையில் நீரே சேரவில்லையா? முன்னதாயின் வடிகுழாய் செலுத்த வேண்டும். பின்னதாயின் குழாயால் பயனில்லை. கிருமி புகுவதற்கு வழி திறந்ததுதான் மிச்சம். வயிற்றைத் தட்டிப் பார்த்து மட்டுமே இதை அறிந்த காலம் ஒன்றிருந்தது. உயிர்மருத்துவப் பொறியியல் பயிலும் நான் இன்றைய முறையை நண்பர்களுக்குச் சிறிது விளக்க விரும்புகிறேன்.

கேளா ஒலி நம் உடலினுள் வினாடிக்கு ஏறத்தாழ 1540 மீட்டர் விரைவில் செல்கிறது. தசையும் கொழுப்பும் அதை எதிரொலிக்கும், சிறுநீர் எதிரொலிக்காது. ஆகவே திரையில் பை ஒரு கருங்குளம்போல் தோன்றும். 1958-இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவருடன் உழைத்தோரும் வயிற்றுக் கட்டிகளை இவ்வலையால் ஆராய்ந்து எழுதிய கட்டுரை இத்துறையின் பெருந்தொடக்கங்களுள் ஒன்று.

கருங்குளத்தின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, அதை 0.52-ஆல் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். (0.52 எங்கிருந்து வந்தது என்போர் கணக்கிலுள்ள பையை 6-ஆல் வகுத்துப் பார்க்க. அந்தப் பை வேறு, இந்தப் பை வேறு!) 10, 8, 6 செ.மீ. எனின் ஏறத்தாழ 250 மி.லி. ஆனால் அளப்பவர் கை சிறிது பிசகி ஒவ்வோர் அளவும் நூற்றுக்குப் பத்து மிகுந்தால் என்ன ஆகும்? மூன்று பிசகும் ஒன்றையொன்று பெருக்கி, விடை 330 மி.லி.யைத் தாண்டிவிடும். குழாய் வேண்டாம் என்ற முடிவு வேண்டும் என மாற இது போதும். மேலும், அப்பைக்குச் சீரான முட்டை வடிவம் எப்போதும் வாய்ப்பதில்லை. பாதி நிரம்பியபோது தட்டையாகவும் கோணலாகவும் கிடக்கும்.

இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது. மருத்துவர்கள் எல்லை வரைந்து தந்த பல படங்களைக் கண்டு பழகிய நிரல், புதுப் படத்தில் தானே எல்லை வரைகிறது. 2015-இல் ஜெர்மனியின் பிரைபர்க்கில் உருவான 'யூ-நெட்' இவ்வகையில் பெயர் பெற்றது. பல கோணங்களில் எடுத்த வெட்டுப் படங்களில் கரும்பரப்பை அளந்து அடுக்கினால் முட்டை வடிவக் கற்பனையே வேண்டியதில்லை.

எனினும், வயிற்றில் நீர் கோத்தவரிடத்தும் சூலகத்தில் நீர்க்கட்டி உடையவரிடத்தும் அந்நீரும் கருமையாகவே தெரியும். பொறி அதையும் சிறுநீரெனக் கணக்கிடக்கூடும். எண்ணை மட்டும் காட்டிப் படத்தை மறைக்கும் கருவியை நான் விரும்பாததற்குக் காரணம் இதுவே. படம் எதிரே இருந்தால், கருங்குளம் ஒன்றா இரண்டா என்று செவிலியரே கண்டுகொள்வார்.