வெற்றுக் கட்டத்துக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: நான் தமிழ்நாட்டுக்காரன். கர்நாடகத்தில் ஒரு கல்லூரியில் எம்பிடி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக, கால் செயல்திறனை அளக்கும் எல்இஎஃப்எஸ் கேள்வித்தாளை நானும் ஒரு கன்னட நண்பரும் சேர்ந்து கன்னடத்தில் மொழிபெயர்த்தோம். முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்காக வரும் 60 பேரிடம் கொடுத்தோம். குரோன்பாக் ஆல்ஃபா 0.96 வந்திருக்கிறது. இதுவே போதும், கட்டுரை எழுதிவிடலாம் என்கிறார் என் வழிகாட்டி. ஆனால் வயதான பெண்கள் பலர் 16 முதல் 19 வரையுள்ள கேள்விகளை நிரப்பாமலே விட்டுவிட்டார்கள். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?
– பிசியோதெரபி மாணவர், மைசூரு

பதில்: கட்டாயம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆல்ஃபாவை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அந்த நான்கு கேள்விகளைப் பாருங்கள்.

மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாக: எல்இஎஃப்எஸ் என்பது பிங்க்லியும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட கேள்வித்தாள். அறைக்கு அறை நடப்பது, குந்துவது, படியேறுவது, படுக்கையில் புரள்வது என 20 காரியங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். செய்யவே முடியாது என்றால் 0, சிரமமே இல்லை என்றால் 4. மொத்தம் 80. ஒரு நோயாளியின் கணக்கு 9 புள்ளியாவது மாறினால்தான் அதை உண்மையான மாற்றமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது மூல ஆய்வின் முடிவு.

உங்கள் 16 முதல் 19 வரை என்ன? சமதளத்தில் ஓடுவது, மேடுபள்ளத்தில் ஓடுவது, வேகமாக ஓடும்போது சட்டென்று திரும்புவது, நொண்டியடிப்பது. நான்கும் சேர்ந்தால் 16 புள்ளி. வெற்றுக் கட்டத்துக்கு நீங்கள் 0 போட்டிருந்தால், ஒரே அளவு முட்டிவலி உள்ள இரண்டு பேருக்கு நடுவே 16 புள்ளி வரை வித்தியாசம் விழும். 9 புள்ளியை வைத்து முன்னேற்றத்தைச் சொல்லும் அளவுகோலில் இது சின்ன விஷயமில்லை.

உங்கள் 0.96ஐயும் இந்த இடத்திலிருந்து பாருங்கள். ஒரே ஆள் நான்கு கேள்விக்கும் 0 வாங்கினால் அந்த நான்கும் ஒன்றோடொன்று நன்றாக ஒத்துப்போவது போலத் தெரியும், ஆல்ஃபா ஏறும். 0 போடாமல் வெற்றாகவே விட்டிருந்தால், மென்பொருள் பெரும்பாலும் அரைகுறைத் தாள்களைத் தள்ளிவிட்டு மிச்சத்தை வைத்துத்தான் கணக்குப் போடும். அப்போது அந்த 0.96 இருபதையும் நிரப்பியவர்களுடையது மட்டும். வயதான பெண்களுக்கு அதில் இடமில்லை. இரண்டில் எது நடந்தது என்று இன்றே பாருங்கள். போதாததற்கு, ஆல்ஃபா 0.95ஐத் தாண்டினால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோமோ என்று சந்தேகப்படுவதுதான் வழக்கம். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே ஆல்ஃபா சொல்லும். அவற்றை நோயாளி எப்படிப் புரிந்துகொண்டார் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

அதை நோயாளியிடம்தான் கேட்க வேண்டும். 16ஆம் கேள்வியைப் படித்துக் காட்டினால் ஒரு அம்மா, “நானு ஓடோதில்ல” என்பார். நான் ஓடுவதில்லை என்று அர்த்தம். அங்கேயே நின்று ஏன் என்று கேளுங்கள். முட்டி விடாது என்பார் ஒருவர். இந்த வயதில் நான் எதற்கு ஓட வேண்டும் என்பார் இன்னொருவர். சேலையோடு ஓடினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்பார் மூன்றாமவர். முதல் பதில் ஒன்றுதான் காலைப் பற்றியது. “திடீரென்று மழை பிடித்துக்கொண்டது, மாடியில் துணி காய்கிறது, ஓடிப்போய் எடுக்க முடியுமா?” என்று மற்ற இருவரிடமும் கேட்டுப் பாருங்கள், முடியும், முடியாது, கொஞ்சம் சிரமம் என்று பதில் வந்துவிடும். மூலத் தாள், ‘இன்று சிரமம் இருக்கிறதா’ என்பதோடு ‘செய்ய நேர்ந்தால் சிரமம் இருக்குமா’ என்றும் கேட்கிறது; அதுவும் சிகிச்சைக்கு வந்திருக்கும் கால் பிரச்சினையால். தாளின் தலைப்பிலுள்ள இந்த வாக்கியம் உங்கள் கன்னட வடிவத்தில் முழுசாக வந்திருக்கிறதா? வராமல் போயிருக்கும் என்பது என் ஊகம்.

மொழிபெயர்ப்பு முறைக்கு பீட்டனும் சக ஆய்வாளர்களும் 2000இல் எழுதிய வழிகாட்டுதலைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். ஒருவர் துறை தெரிந்தவர், மற்றவர் துறைக்கு வெளியே இருப்பவர். இரண்டையும் ஒன்றாக்கி, மூலத் தாளைப் பார்க்காத வேறு இருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு நிபுணர் குழு. கடைசியில் 30 முதல் 40 நோயாளிகளிடம் முன்சோதனை. நீங்கள் கன்னடம் சரளமாகப் பேசலாம். ஆனாலும் ஒருங்கிணைப்பாளராக இருங்கள், பேனாவை அவர்களிடம் விடுங்கள். குழுவில் மைசூருக்காரர்கள் மட்டும் உட்கார வேண்டாம். தார்வாட், கலபுரகி, கடலோரப் பேச்சு தெரிந்தவர்களும் இருக்கட்டும்.

அந்தக் குழு அதிக நேரம் செலவிட வேண்டியது மூன்று இடங்களில். ஒன்று, குளியல். மூலத்தில் கேட்பது குளியல் தொட்டிக்குள் இறங்கி ஏறுவதை. வாளியும் சொம்புமாக மணையில் உட்கார்ந்து குளிப்பவருக்கு அது பொருந்தாது. தாழ்வாக உட்கார்ந்து எழுவது என்று மாற்றினால் பொருந்தும், ஆனால் சிரமம் கூடிவிடலாம். இரண்டு, கார். காருக்குப் பதில் பஸ் என்று போட்டால் எளிய காரியம் கடினமாகிவிடும். பஸ்ஸின் முதல் படி உயரம் அப்படி. ஆட்டோ ஓரளவு நெருங்கி வரும். மூன்று, தூரம். இரண்டு ‘பிளாக்’ என்பது இங்கே யாருக்கும் பிடிபடாது. பத்து நிமிட நடை என்றும் போடாதீர்கள். மெதுவாக நடப்பவர் பாதி தூரம்தான் போயிருப்பார். மீட்டரில் எழுதி, பெரியவர்களுக்குப் பர்லாங் கணக்கும் சொல்லலாம். எட்டு பர்லாங் ஒரு மைல் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். எதை மாற்றினாலும் ஏன் மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள். சம்மணமிட்டு உட்காருவதையும் சேர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நியாயமான ஆசைதான், ஆனால் 21ஆவது கேள்வி நுழைந்தால் 80 என்ற மொத்தம் போய்விடும், பிற மொழி வடிவங்களோடு ஒப்பிடவும் முடியாது. அதைத் தனியாகக் கேளுங்கள்.

எழுத்தறிவையும் மறக்காதீர்கள். 2011 கணக்கெடுப்பில் கர்நாடகத்தின் எழுத்தறிவு சுமார் 75 சதவீதம். வயதான பெண்களிடம் இன்னும் குறைவு. பாதிப் பேருக்கு நீங்கள் படித்துக் காட்டி, பாதிப் பேர் தாங்களே நிரப்பியிருந்தால் அவை இரண்டு முறைகள். எது என்று ஒவ்வொரு தாளிலும் குறியுங்கள். அதோடு, வலி அளவுகோலில் எண் ஏறினால் மோசம், இதில் ஏறினால் நல்லது. இந்தக் குழப்பமும் சில தாள்களில் ஒளிந்திருக்கும்.

மீதி புள்ளியியல். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடி கேளுங்கள். அதற்குள் சிகிச்சையால் தேறிவிட்டவர்களை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு முறை வந்த மதிப்பெண்களை ஒப்பிட பியர்சன் ஒட்டுறவு போதாது, எல்லோருக்கும் 5 புள்ளி கூடினாலும் அது முழு ஒற்றுமை என்றே காட்டும். ஐசிசி எனப்படும் உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழுவைப் போடுங்கள், அதிலிருந்து அளவீட்டுப் பிழையையும், உண்மையான மாற்றத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்பதையும் உங்கள் நோயாளிகளுக்கென்று கணக்கிடுங்கள். மூல ஆய்வின் 9 என்பது 90 சதவீத நம்பிக்கை அளவில் வந்தது. நீங்கள் 95இல் போட்டால் எண் பெரிதாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். நாற்காலியில் 30 நொடி எழுந்து உட்காரும் சோதனை, ஆறு நிமிட நடை போன்றவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகும் என்ற ஊகத்தை, தகவல் திரட்டும் முன்பே எழுதி வையுங்கள்.

இனி செய்ய வேண்டியது: ஏற்கெனவே கன்னட வடிவம் வந்திருக்கிறதா என்று நன்றாகத் தேடுங்கள், இருந்தால் அதையே சோதியுங்கள். இல்லையென்றால் மூல ஆசிரியரின் அனுமதி, நெறிமுறைக் குழு ஒப்புதல், பிறகு மேற்சொன்ன படிகள். கையிலிருக்கும் 60 தாள்களை முன்னோட்டமாக வைத்துக்கொண்டு, திருத்திய வடிவத்தைப் புதிதாக 100 பேரிடமாவது கொடுங்கள். அவகாசம் இல்லையென்றால் தலைப்பைச் சுருக்குங்கள். ‘முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம், படித்துக் காட்டிக் கேட்ட கன்னட வடிவம்’ என்று இருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. கணுக்கால் சுளுக்கையும் இடுப்பு எலும்பு முறிவையும் அடுத்த ஆண்டு மாணவர் பார்த்துக்கொள்வார்.