புரதத்தின் பொருள்கோள்

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் புரதம் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று சிலர் வினவலாம். செய்யுளில் தொலைவில் நிற்கும் சொற்கள் பொருளால் ஒன்றுசேர்வதை நம் இலக்கண நூலார் ஆராய்ந்து 'பொருள்கோள்' எனப் பெயரிட்டனர். புரதம் என்னும் நெடுஞ்சங்கிலியில் தொலைவில் நிற்கும் கண்ணிகள் இடத்தால் ஒன்றுசேர்வதை இன்றைய அறிவியலார் ஆராய்ந்து 'தொடுகை' எனக் குறிக்கின்றனர். இவ்வாய்வில் காவிரிக்கரைத் திருச்சிராப்பள்ளிக்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு. அதனை நம் மாணவர்க்கு எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எச்சமும் சங்கிலியும்

நம் உடலிலும் வயலில் நிற்கும் நெற்பயிரிலும் நிகழும் வேதிவினைகளுள் பெரும்பாலானவற்றை நடத்துவன புரதங்களே. இருபது வகை அமினோ அமிலங்கள் வெவ்வேறு வரிசையில் கோக்கப்படுவதால் அவை உருவாகின்றன. எழுத்துகள் சிலவே ஆயினும் அவற்றால் ஆகும் சொற்கள் எண்ணிறந்தன அல்லவா? அதுபோன்றதே இதுவும்.

இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு நீங்குகிறது. அது நீங்கியபின் எஞ்சி நிற்பதையே 'எச்சம்' என்கிறோம். பெயரெச்சமும் வினையெச்சமும் தம்மை முடிக்கும் சொல்லை அவாவி நிற்பன. புரதத்தின் எச்சமும் தனித்து நின்று பயன் தருவதில்லை. அதன் அண்டையில் வேறு எவ்வெச்சம் வந்து அமைகிறது என்பதைப் பொறுத்தே அதன் பணி அமைகிறது.

வரிசை வேறு, அண்டை வேறு

சங்கிலி நீண்டு கிடப்பதில்லை. மடிந்து சுருண்டு ஒரு திரட்சியான வடிவம் பெறுகிறது. அவ்வாறு மடியும்போது வரிசையில் பத்தாவதாக உள்ள எச்சமும் தொண்ணூறாவதாக உள்ள எச்சமும் அடுத்தடுத்து வந்து நிற்கக்கூடும். குடமுருட்டியோ அரசலாறோ பெரிதாக வளைந்து செல்லும் ஓரிடத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு படித்துறைகளுக்கு இடையே ஆற்றின் வழியாகச் சென்றால் நெடுந்தொலைவு; வரப்பின் வழியாகச் சென்றால் கூப்பிடு தொலைவு. ஆற்றுவழித் தொலைவு வரிசையைக் குறிக்கும். வரப்புவழித் தொலைவு தொடுகையைக் குறிக்கும்.

தொடுகையை அளக்கும் முறை

புரதப் படிகத்தின்மேல் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி அதன் அணுக்கள் நிற்கும் இடங்களைக் கணிக்கலாம். ஒவ்வோர் அணுவுக்கும் நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்று திசைகளில் மூன்று எண்கள் கிடைக்கும். இவ்வெண்களைத் தொகுத்து யாவர்க்கும் வழங்கும் புரதத் தரவு வங்கி 1971இல் தொடங்கப்பட்டது. இங்கு அளவுகோல் ஆங்ஸ்ட்ரம் ஆகும். ஒரு மில்லிமீட்டரைக் கோடிக் கூறாகப் பகுத்தால் அதில் ஒரு கூறே ஓர் ஆங்ஸ்ட்ரம்.

எடுத்துக்காட்டாக, ஓர் எச்சத்தின் நடுக் கரியணு (2, 3, 1) என்னும் இடத்திலும் மற்றொன்றின் நடுக் கரியணு (5, 7, 1) என்னும் இடத்திலும் இருப்பதாகக் கொள்வோம். வேறுபாடுகள் 3, 4, 0. அவற்றின் வருக்கங்களைக் கூட்ட 25. அதன் வருக்கமூலம் 5. எனவே இவற்றின் இடைத்தொலைவு 5 ஆங்ஸ்ட்ரம். நடுக் கரியணுக்களுக்கு இடையே 8 ஆங்ஸ்ட்ரத்துக்கு மேற்படாத தொலைவு இருப்பின் அவ்வெச்சங்கள் தொடுகையில் உள்ளன என்பது பலரும் மேற்கொள்ளும் வழக்கு. பக்கக் கிளைகளின் அணுக்களுக்கு இடைப்பட்ட தொலைவை அளந்து, இதனினும் சிறிய எல்லையைக் கொள்வாரும் உளர்.

தசையிலுள்ள மையோகுளோபின் 153 எச்சங்களை உடையது. அதில் இரண்டிரண்டாக எடுத்தால் 11,628 இணைகள் வரும். ஒவ்வோர் இணைக்கும் மேற்கண்ட கணக்கைச் செய்து, எட்டுக்கு உட்பட்டவற்றைக் கட்டமிட்ட தாளில் புள்ளியாகக் குறித்தால் அதுவே தொடுகைப் படம். ஒரு முழு வடிவத்தின் சாரம் அத்தாளில் அடங்கிவிடுகிறது.

நெருக்கத்திற்கும் எல்லையுண்டு

தொடுகை ஆய்வுக்குத் தமிழகத்தில் அடித்தளம் இட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகளால் முறுக்கப்பட்டது என்பதை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிப்படுத்தினர். அவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் ஆகியோர் குறை கூறினர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளையே இராமச்சந்திரன் சான்றாக ஆராய்ந்தார். அதன் பயனாக, சங்கிலி எவ்வெக் கோணங்களில் திரும்ப இயலும் என்று காட்டும் வரைபடத்தை இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்டார். குறை கூறப்பட்ட இடமே பெரும் கண்டுபிடிப்பின் தோற்றுவாயாயிற்று. உலகெங்கும் புரத வடிவங்களைச் சரிபார்க்க இன்றும் அவ்வரைபடம் பயன்படுகிறது.

திருச்சிராப்பள்ளியின் பங்கு

அமினோ அமிலங்களுள் சில நீரை விரும்புவன; சில நீரை வெறுப்பன. ரசத்தில் எண்ணெய்த் துளிகள் ஒன்றுகூடுவதுபோல, நீர்வெறுக்கும் எச்சங்கள் புரதத்தின் உட்புறத்தில் ஒன்றுகூட முனைகின்றன. ஆனால் ஓர் எச்சத்தின் இயல்பை மட்டும் அறிந்தால் போதுமா? அதன் சுற்றத்தின் இயல்பையும் அறிய வேண்டாவா? இவ்வினாவை எழுப்பியவர்கள், அந்நாளில் திருச்சிராப்பள்ளியில் இயங்கிய சென்னைப் பல்கலைக்கழகத் தன்னாட்சி முதுகலை மையத்தைச் சேர்ந்த மணவாளனும் பொன்னுசாமியும் ஆவர். ஓர் எச்சத்தை நடுவாக வைத்து 8 ஆங்ஸ்ட்ரம் ஆரமுள்ள கோளம் வரைந்து, அதனுள் வரும் எச்சங்களின் நீர்வெறுப்பு அளவுகளைக் கூட்டி 'சூழல் நீர்வெறுப்பு' என்னும் அளவை அவர்கள் வகுத்தனர். அவ்வாய்வு 1978இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. ஒருவனை அவன் சேர்ந்த இனத்தால் அறியலாம் என்னும் நம் முன்னோர் கருத்து இங்கு எண்ணாக உருப்பெற்றது எனலாம்.

1982இல் அவ்வூரில் பாவேந்தர் பெயரால் பல்கலைக்கழகம் தோன்றியபின் அங்கும் இத்துறை வளர்ந்தது. அங்கு முனைவர் பட்டம் பெற்ற மைக்கேல் குரோமிகாவும் அங்குப் பணியாற்றிய செல்வராஜும் தொடுகைகளை வரிசைத் தொலைவால் வகைப்படுத்தினர். இரண்டு இடங்களுக்குள் அமைவது குறுந்தொடுகை. மூன்று, நான்கு இடங்கள் தள்ளி அமைவது இடைத்தொடுகை. நான்கினும் மிக்கது நெடுந்தொடுகை. அமெரிக்காவில் டேவிட் பேக்கர் குழுவினர் 1998இல், தொடுகைகளின் சராசரி வரிசைத் தொலைவு மிகுந்தால் புரதம் மடியும் விரைவு குறைகிறது என்று காட்டினர். குரோமிகாவும் செல்வராஜும் 2001இல், பன்னிரண்டு இடங்களுக்கு அப்பாற்பட்ட நெடுந்தொடுகைகளை மட்டும் எண்ணி, அதனைக்கொண்டே மடியும் விரைவைக் கணிக்கலாம் என நிறுவினர். தொலைவில் உள்ளோர் வந்து கூடக் காலம் பிடிக்கும் என்பது இயல்பே அன்றோ!

கொண்டுகூட்டும் பூட்டுவில்லும்

பொருள்கோள் எட்டு என்பது நன்னூலார் கொள்கை. சொற்கள் நின்ற வரிசையிலேயே பொருள் ஒழுகிச் செல்வது ஆற்றுநீர். முதலும் இறுதியும் நாணேற்றிய வில்லின் முனைகள்போல் இணைவது பூட்டுவில். பல அடிகளில் சிதறி நிற்கும் சொற்களைப் பொருள் நோக்கிச் சேர்ப்பது கொண்டுகூட்டு.

நாம் உண்ணும் பருப்பின் புரதத்தைக் குடலில் வெட்டும் கைமோடிரிப்சினைக் காண்க. மாட்டின் கணையத்தில் அது 245 எச்சங்களைக் கொண்ட ஒரே சங்கிலியாகத் தோன்றிப் பின்னர் செயல்நிலை அடைகிறது. அதன் வெட்டும் தொழிலைச் செய்வன 57ஆம் இடத்து ஹிஸ்டிடின், 102ஆம் இடத்து ஆஸ்பார்ட்டிக் அமிலம், 195ஆம் இடத்து செரின் ஆகிய மூன்றுமே. வரிசையில் இவை வெகுதொலைவில் நிற்கின்றன. மடிந்த வடிவிலோ இவற்றின் பக்கக் கிளைகள் கைகோத்து நிற்கின்றன. இதனைக் கொண்டுகூட்டு என்று சொன்னால் தமிழ் மாணவர்க்கு உடனே விளங்கும். முட்டையை வேகவைத்தால் வரிசை குலைவதில்லை. இயல்பான தொடுகைகள் குலைந்து வேறு தொடுகைகள் அமைகின்றன. அதனாலேயே அது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

வேண்டாத தொடுகை

தொடுகை பிழைத்தால் உயிருக்கே கேடாகும். குருதியிலுள்ள ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் நீர்விரும்பும் குளுட்டாமிக் அமிலம் இருத்தல் வேண்டும். அங்கு நீர்வெறுக்கும் வாலின் வந்துவிட்டால், உயிர்வளியை இழந்த நிலையில், அது அண்டை மூலக்கூறின் 85, 88ஆம் எச்சங்களால் ஆன பள்ளத்தில் சென்று பொருந்திக்கொள்கிறது. இவ்வாறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து நாராகி, சிவப்பணுவைக் கதிரறுக்கும் அரிவாள்போல் வளைத்துவிடுகின்றன. இந்த அரிவாள் அணுக் குறைபாடு இந்தியாவில் முதன்முதலாக 1952இல் அறிவிக்கப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடியினரிடையேதான். ஓரெழுத்துப் பிழையால் ஒரு வேண்டாத தொடுகை. அதனால் ஒரு வாழ்நாள் துன்பம்.

முடிவுரை

தொடும் எச்சங்களுள் ஒன்று தலைமுறை மாற்றத்தில் மாறினால், அதற்கேற்ப மற்றொன்றும் மாறுவதுண்டு. பல உயிர்களின் வரிசைகளை ஒப்பிட்டு இத்தகைய மாற்றங்களைக் கண்டு, தொடுகையையும் அதன்வழி வடிவத்தையும் கணினியால் ஊகிக்கும் கலை பெரிதும் வளர்ந்துள்ளது. 2024ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு டேவிட் பேக்கருக்கும், 'ஆல்ஃபாஃபோல்டு' என்னும் முறையை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கும் வழங்கப்பட்டது.

பொருள்கோளைத் துணிவது படிப்போர் அறிவு. தொடுகையைத் துணிவது அளவுகோல். ஆகவே இவ்வொப்புமை விளக்குவதற்கு உதவுமேயன்றி நிறுவுவதற்கு உதவாது. எனினும் விளக்கம் சிறிதன்று. தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் டெல்டாப் பகுதி மாணவர் பலர், புரியாத சொல்லுக்கு அஞ்சியே அறிவியலை விட்டு விலகுகின்றனர். இங்குக் கண்ட கணக்கோ பள்ளியில் பயின்ற வருக்கமூலக் கணக்கே. தரவு வங்கியின் எண்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. அறிவியல் துறை மாணவர் அவ்வெண்களைக் கொணரட்டும். தமிழ்த்துறை மாணவர் அவற்றுக்கு உரிய சொற்களைத் தரட்டும். வகுப்பறை வரிசையில் தொலைவில் இருக்கும் இவ்விருவரும் ஒரே மேசையில் கூடி அமர்ந்தால், திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய பணி நம் கல்லூரியிலும் தொடரும்.