கேட்க மட்டும்தானே, லைசென்ஸ் எதற்கு?

கேள்வி: காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறி வைத்திருக்கிறேன். சிறு வயதிலிருந்தே ரேடியோ என்றால் உயிர். டிஜிட்டல் ஸ்கேனர் ஒன்று வாங்க ஆசை. விமானிகள் பேசுவதையும், கருட சேவை அன்று போலீஸ் வாக்கி-டாக்கியில் பேசுவதையும் கேட்கலாம் என்று நினைத்தேன். அமெரிக்க யூடியூப் வீடியோக்களில் எல்லோரும் தாராளமாகக் கேட்கிறார்கள். "இதில் பேச முடியாது, கேட்க மட்டும்தான், லைசென்ஸ் வேண்டாம்" என்கிறார் ஆன்லைன் விற்பனையாளர். புதிதாக வாங்குகிறவன் எந்த மாடலை எடுக்கலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இப்போதைக்கு எந்த மாடலையும் வாங்காதீர்கள். விற்பனையாளர் சொன்னது தவறு.

1933ஆம் ஆண்டு இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டத்தின் 3ஆவது பிரிவு, உரிமம் இல்லாமல் வயர்லெஸ் கருவியை வைத்திருப்பதையே தடை செய்கிறது. பேசினீர்களா, கேட்டீர்களா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான். பேசும் கருவி என்றால் தண்டனை கூடும். கேட்கும் கருவி என்பதால் விலக்கு கிடைத்துவிடாது. கருவியைப் பறிமுதல் செய்யவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பகுதி பகுதியாக அமலாகி வரும் 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும், ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்றே சொல்கிறது.

அப்படியானால் வீட்டு எஃப்எம் ரேடியோ? ஒரு காலத்தில் அதற்கும் தபால் ஆபீசில் ஆண்டுதோறும் லைசென்ஸ் கட்டினோம். 1980களில் அரசு அதை விலக்கியது. அந்த விலக்கு பொதுமக்களுக்கான ஒலிபரப்பைக் கேட்கும் கருவிகளுக்கு உரியது. போலீஸ், விமான அலைவரிசைகளைத் தேடிப் பிடிக்கும் ஸ்கேனரை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

போலீஸ் பேச்சை ஒட்டுக்கேட்பது இன்னும் கடுமையான விஷயம். 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42(2) பிரிவு 2024 ஜூன் 26 முதல் அமலில் இருக்கிறது. சட்டவிரோதமாகச் செய்தியை இடைமறிப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019இல் அத்திவரதர் 48 நாள் காட்சி தந்தபோது நம் ஊர் எப்படித் திணறியது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். அத்தனை கூட்டத்தில் காவலர்களுக்குள் நடக்கும் பேச்சு, மக்கள் உயிரைக் காக்கும் வேலை. அது அவர்களுக்குள்தான் இருக்க வேண்டும்.

வெளிநாட்டு வீடியோவை நம்பி இங்கே பணத்தைப் போடாதீர்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஸ்கேனர் வைத்திருக்கத் தடை இல்லை. பிரிட்டனில் வைத்திருக்கலாம், ஆனால் நமக்கென்று அனுப்பப்படாததைக் கேட்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இங்கே கருவி கைக்கு வரும்போதே சட்டம் வந்துவிடுகிறது. வாங்கினாலும் பயன் குறைவு: மறையாக்கம் செய்த டிஜிட்டல் பேச்சை எந்த ஸ்கேனரும் பிரித்துத் தராது.

உங்கள் ஆர்வத்துக்கு நேர்வழி, உரிமம் பெற்ற ஆர்வலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோ. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு, ஹாம் நிலையத்தை இயக்குவதற்கான ஏஎஸ்ஓசி சான்றிதழுக்குத் தேர்வு நடத்துகிறது. 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். தொடக்க நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. ரேடியோ அடிப்படையும் விதிமுறைகளும் படித்தால் போதும். தொலைத்தொடர்புத் துறையின் 'சரள் சஞ்சார்' இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். உரிமத்தோடு VU3 என்று தொடங்கும் அழைப்புக் குறியீடு உங்கள் பெயருக்கு வரும். 2004 சுனாமியில் அந்தமானின் தொடர்புகள் அறுந்தபோது, போர்ட் பிளேரில் இருந்த ஹாம் ஆர்வலர் பாரதி பிரசாத் குழுவினரின் ஹாம் ரேடியோதான் செய்திகளைக் கொண்டுசேர்த்தது. அந்த வரிசையில் நீங்களும் சேரலாம். ஹாம் உரிமம் இருந்தாலும் போலீஸ் அலைவரிசை உங்களுக்கு உரியதல்ல என்பதை மறக்க வேண்டாம்.

அதுவரை கருவியே வாங்காமல் காது பழக, நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் நடத்தும் வெப்எஸ்டிஆர் என்ற இணையவழி ரிசீவர் இருக்கிறது. அங்குள்ள ரிசீவரில் வரும் சிற்றலை ஒலிபரப்புகளையும் ஹாம் உரையாடல்களையும் இணையத்தில் இலவசமாகக் கேட்கலாம்.

ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால், இடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்றிதழையும் உரிம விவரத்தையும் விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். ரேடியோ கருவிகளை ஆன்லைனில் விற்பவர்கள் இவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. பதில் வராவிட்டால் ஆர்டரை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் புகார் கொடுங்கள்.