எங்கள் புல்லட்டுக்கு மூன்றாவது சக்கரம்

மையவிலக்கு விசை பாடம் நடத்தும்போது அறிவியல் சார் உதாரணம் கேட்டார். எல்லோரும் ராட்டினம், கவண்கல் என்று சொன்னார்கள். நான் எங்க வீட்டுப் புல்லட்டைச் சொன்னேன். சார், "எழுதிக் குடும்மா, ஒட்டலாம்" என்றார். அதனால்தான் இந்தக் கட்டுரை.

என் தங்கச்சியை உங்களுக்குத் தெரியும். நாலாவது படிக்கிறாள். அவளால் தனியாக நடக்க முடியாது. வண்டியின் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளவும் கைக்குப் பலம் போதாது. போன வருசம் வரைக்கும் அம்மா இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள். இப்போது அவள் வளர்ந்துவிட்டாள், அம்மாவுக்கு முதுகு வலி. ஆவணி மாசத்தில் பதினோரு நாள் அவள் பள்ளிக்கே வரவில்லை. அப்போதுதான் அப்பா, "புல்லட்டுக்குத் தொட்டி மாட்டிடலாம்" என்றார். தொட்டி என்றால் சைடுகார். 1975-ல் வந்த ஷோலே இந்திப் படத்தில் இரண்டு நண்பர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே போவார்களே, அந்த மாதிரி வண்டி.

நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் போகிறோம். அதனால் தொட்டியும் வண்டிக்கு இடப்பக்கம்தான் இருக்கும். ஏறுகிறவர் சாலை ஓரமாக ஏறி இறங்கலாம்.

நான் நினைத்தது, நாலு போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது என்று. பட்டறை மாமா இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். வண்டிச் சட்டத்தில் நாலு இடத்தில் தொட்டியைப் பிணைத்தார். தொட்டிச் சக்கரத்தின் அச்சை புல்லட்டின் பின்சக்கர அச்சுக்கு நேராக வைக்காமல் ஒரு சாண் முன்னால் வைத்தார். நேராக வைத்தால் பிரேக் போடும்போதும் வலப்பக்கம் திரும்பும்போதும் தொட்டி மூக்கைக் குத்தப் பார்க்குமாம்.

அப்புறம் இரண்டு நேரான ரீப்பர் கட்டையை எடுத்தார். ஒன்றைப் புல்லட்டின் இரண்டு சக்கரத்தோடு ஒட்டி வைத்தார், இன்னொன்றைத் தொட்டிச் சக்கரத்தோடு ஒட்டி வைத்தார். இரண்டு கட்டைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை என்னைத்தான் டேப் பிடிக்கச் சொன்னார். முன்னால் உள்ள இடைவெளி பின்னால் உள்ளதைவிட அரை அங்குலம் குறைவு. "மாமா, கோணலா இருக்கு"ன்னேன். "கோணலாத்தான் இருக்கணும் பாப்பா"ன்னார்.

காரணம் இதுதான். என்ஜின் இழுப்பது புல்லட்டை மட்டும்தான். தொட்டி சும்மா பக்கத்தில் இழுபட்டுக்கொண்டு வருகிறது. அதனால் வண்டி எப்போதும் இடப்பக்கமாக ஒதுங்கப் பார்க்கும். மழைத்தண்ணி வடிவதற்காக நம் சாலையும் ஓரத்தில் சரிந்திருக்கிறது, அதுவும் இடப்பக்கம்தான் இழுக்கும். இதைச் சரிக்கட்டத்தான் தொட்டிச் சக்கரம் கொஞ்சம் உள்பக்கமாகப் பார்க்கிறது. புல்லட்டையும் கொஞ்சூண்டு வலப்பக்கமாகச் சாய்த்து வைத்தார். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தால்தான் அந்தச் சாய்வு தெரியும்.

சாயங்காலம் ஏரிக்கரைத் திடலில் அப்பா ஓட்டிப் பார்த்தார். இருபத்திரண்டு வருசமாக வண்டி ஓட்டுகிறவர், அன்றைக்குக் குழந்தை மாதிரி தடுமாறினார். இரண்டு சக்கர வண்டியை வளைவில் உடம்பைச் சாய்த்துத் திருப்புகிறோம். தொட்டி மாட்டின வண்டி சாயவே சாயாது. கைப்பிடியை எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம்தான் போகும், மூணு சக்கர சைக்கிள் மாதிரி. முறுக்கினால் இடப்பக்கம் இழுத்தது. பிரேக் போட்டால் வலப்பக்கம் திரும்பியது, ஏனென்றால் தொட்டிச் சக்கரத்துக்குப் பிரேக் இல்லை. புல்லட் நின்றாலும் தொட்டி நிலைமத்தால் முன்னால் ஓடப் பார்க்கிறது.

நாலாவது சுற்றில் அப்பா இடப்பக்கம் திரும்பினார். தொட்டிச் சக்கரம் தரையை விட்டு ஒரு முழம் எழும்பிவிட்டது! அப்பா முறுக்கைக் குறைத்துக் கைப்பிடியை நேராக்கினதும் 'டம்'மென்று விழுந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மா அதைப் பார்த்துவிட்டார்கள். "என் புள்ளைய இதுல ஏத்தவே மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் சாரிடம் கேட்டேன். பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். இடப்பக்கம் திரும்பும்போது மையவிலக்கு விசை வண்டியை வலப்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கும். அதை எதிர்த்துப் பிடிப்பது தொட்டியின் எடை. தொட்டி 50 கிலோ, அது புல்லட் சக்கரத்திலிருந்து சுமார் 1 மீட்டர் தள்ளி இருக்கிறது. திருப்புத்திறன் 50 பங்கு. தொட்டியின் தரையில் 70 சென்டிமீட்டர் தூரத்தில் 40 கிலோ மணல் வைத்தால் இன்னும் 28 பங்கு சேரும், மொத்தம் 78. மணல் தாழ்வாக இருப்பதால் கவிழ்க்கிற பக்கத்துக்கு அது அதிகமாக உதவாது.

அடுத்தது வேகம். முதல் மூணு சுற்றில் அப்பா 15 கிலோமீட்டரில் போனார், நாலாவதில் 20. ஐந்துதானே கூடியது என்று நினைக்காதீர்கள். மையவிலக்கு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 15-ன் வர்க்கம் 225, 20-ன் வர்க்கம் 400. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! இதை நோட்டில் எழுதிக்கொண்டுபோய் வீட்டில் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு வர்க்கமெல்லாம் புரிந்ததா தெரியவில்லை. "மணல் மூட்டைய வைங்க, மொதல்ல நான் ஒக்காந்து பாக்குறேன்" என்றார்கள்.

அப்பா இரண்டு மூட்டை மணலைத் தொட்டித் தரையில் போட்டுக் கட்டினார். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதே வளைவு, 15 கிலோமீட்டர். சக்கரம் எழும்பவில்லை. 20-லும் எழும்பவில்லை. அம்மா மூணு சுற்று சுற்றிவிட்டு இறங்கி, "பெல்ட்டு வேணும்" என்று மட்டும் சொன்னார்கள்.

வண்டியில் இப்படி மாற்றம் செய்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கி ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். 1988-ம் வருச மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு அதைச் சொல்கிறது. அதற்கு அப்பா நாலு தடவை அலைந்தார், அதைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்.

இப்போது தங்கச்சி பெல்ட் போட்டு, ஹெல்மெட் மாட்டி, மணல் மூட்டை மேல் காலை வைத்துக்கொண்டு வருகிறாள். இடப்பக்க வளைவு வந்தால் அவளே, "அப்பா, பதினஞ்சு!" என்று கத்துகிறாள்.

நண்பர்களுக்கு ஒரு கேள்வி: தொட்டி காலியாக இருக்கும்போது அதே வேகத்தில் வலப்பக்கம் திரும்பினால் ஏன் தொட்டிச் சக்கரம் எழும்பவில்லை? விடையை எழுதி ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கொடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி