இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு? – ‘டூம்’ விளையாட்டிலிருந்து ஒரு நிகழ்தகவுப் பாடம்

பெற்றோர் கூட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் புகார் இது: “புத்தகத்தை எடுத்தா அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுறான் சார். கேமை எடுத்தா ராத்திரி ஒரு மணி ஆனாலும் கண்ணு மூடறதில்ல.” இந்தக் கவலை நியாயமானது. தூக்கமும் படிப்பும் கெடுவதை நாமும் வகுப்பில் பார்க்கிறோம்.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சராசரி கண்டுபிடிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்ளும் அதே மாணவன், விளையாட்டில் கையிருப்பு எவ்வளவு, இதை இப்போது செலவழிக்கலாமா, எந்த எதிரியை முதலில் கவனிப்பது என்று நொடிக்கு நொடி கணக்குப் போடுகிறான். அதைக் கணக்கு என்று அவனும் சொல்வதில்லை, நாமும் சொல்வதில்லை. அந்தக் கணக்கை மட்டும் பிரித்தெடுத்து, திரையோ துப்பாக்கியோ இல்லாமல், ஒன்பது, பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்துக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே இக்கட்டுரை.

எந்த விளையாட்டு, ஏன்?

விளையாடுபவரின் கண்வழியே காட்சி தெரியும் சுடும் விளையாட்டுகளில் பெரும் திருப்பமாக அமைந்தது ‘டூம்’. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய இட் சாஃப்ட்வேர் என்ற சிறிய குழு இதை 1993 டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. ஜான் கார்மாக் இதன் முதன்மை நிரலாளர். நிலைகளை வடிவமைத்தவர்களில் ஜான் ரொமேரோ முக்கியமானவர். முதல் பகுதியை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படியெடுத்துக் கொடுக்கலாம், மீதியைப் பணம் கட்டி வாங்கவேண்டும் என்ற முறையில் அது உலகெங்கும் பரவியது.

நமக்கு இது பயன்படுவதற்குக் காரணம் வேறு. 1997ஆம் ஆண்டில் இதன் மூல நிரலை அவர்கள் பொதுவில் வெளியிட்டனர். எனவே எந்த ஆயுதம் எவ்வளவு சேதம் செய்யும், எந்த எதிரி எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் ஊகமில்லாமல் தெரியும். விதிகள் முழுவதும் சிறிய முழு எண்களில் இருப்பதால் கரும்பலகையில் எழுதிக் காட்ட வசதி.

தொடக்க இருப்பு

விளையாடுபவர் 100 உயிர்ப்புள்ளி, ஒரு பிஸ்டல், 50 குண்டுகளுடன் தொடங்குகிறார். மற்றவற்றை வழியில் தேடி எடுக்கவேண்டும். எடுப்பதற்கும் உச்சவரம்பு உண்டு: பிஸ்டல் குண்டு 200, ஷாட்கன் தோட்டா 50, ராக்கெட் 50. தோள்பை ஒன்று கிடைத்தால் இந்த வரம்புகள் இரட்டிப்பாகும்.

ஒரு நிலையில் இறந்துவிட்டால், சேர்த்த ஆயுதங்கள் அனைத்தும் போய்விடும். அதே நிலையை மீண்டும் பிஸ்டலும் 50 குண்டும் கொண்டு தொடங்கவேண்டும். அப்போது அந்த நிலையை முடிக்கத் தேவையானதை அந்த நிலைக்குள்ளேயேதான் தேடவேண்டியிருக்கும். வேண்டுமென்றே ஒவ்வொரு நிலையையும் இப்படி வெறும் பிஸ்டலோடு தொடங்கி விளையாடுவோர் இன்றும் இருக்கிறார்கள். கணக்கைத் தீர்க்கத் தேவையான தரவு வினாவிலேயே இருக்கும் என்று நாம் மாணவர்களிடம் சொல்வது போன்றதுதான் இது.

மருந்துப் பெட்டி 25 புள்ளி தரும். ஆனால் 100ஐத் தாண்டித் தராது. உயிர்ப்புள்ளி 90 இருக்கும்போது அதை எடுத்தால் 10 மட்டுமே ஏறும், 15 வீண். எனவே அனுபவமுள்ளவர் பெட்டியைப் பார்த்தாலும் எடுப்பதில்லை. இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது திரும்பி வருகிறார்.

எதற்கு எதைச் செலவழிப்பது?

பிஸ்டல் குண்டு ஒன்று 5, 10 அல்லது 15 சேதம் செய்யும், சராசரி 10. ஷாட்கன் தோட்டா ஒன்றில் 7 ரவைகள். ஒவ்வொரு ரவையும் அதே 5, 10, 15. ஏழும் பட்டால் குறைந்தது 35, அதிகபட்சம் 105, சராசரி 70.

எதிரிகளில் எளியவன் ஜோம்பி வீரன். 20 புள்ளி தாங்குவான். நெருப்புருண்டை எறியும் இம்ப் 60 தாங்கும். கடிக்க ஓடிவரும் டீமன் 150 தாங்கும்.

ஜோம்பி வீரன்மீது ஷாட்கனைப் பயன்படுத்தினால் சராசரி 70 சேதத்தில் 50 வீண். பிஸ்டல் என்றால் இரண்டு குண்டுகளில் அவன் வீழ நிகழ்தகவு எவ்வளவு? இரண்டு குண்டுகளுக்கு 9 சாத்தியங்கள். கூடுதல் 20 அல்லது அதற்கு மேல் வருபவை 6. ஆகவே 6/9, அதாவது மூன்றில் இரண்டு. மூன்று குண்டுகள் என்றால் 27இல் 26. எல்லாக் குண்டும் குறிதவறாமல் பட்டால் ஒருவனுக்குச் சராசரியாக 64/27, ஏறக்குறைய 2.4 குண்டு செலவு. அவன் விழுந்த இடத்தில் 5 குண்டு கிடைக்கும். செலவைவிட வரவு அதிகம்!

இம்ப் வந்தால் நிலைமை மாறுகிறது. பிஸ்டலில் ஆறு, ஏழு குண்டுகள் வேண்டும். அவ்வளவு நேரமும் அதன் எதிரில் நிற்கவேண்டும். ஷாட்கனில் ஒரே தோட்டா போதும் என்பதற்கு வாய்ப்பு அதிகம். ஏழு ரவைக்கு 3இன் 7 அடுக்கு, அதாவது 2187 சாத்தியங்கள். அவற்றில் 1913இல் சேதம் 60ஐ எட்டும். ஏறக்குறைய 87 விழுக்காடு. எட்டத்தில் இருந்து சுட்டால் ரவைகள் சிதறி எல்லாம் படாது. இந்த 87 குறைந்துவிடும். எனவே எப்போது சுடுவது என்பதும் சிக்கனத்தில் அடக்கம்.

“சக்திவாய்ந்தது எது?” என்ற கேள்விக்கு ஒரே விடைதான். “இந்த இடத்துக்குப் போதுமானது எது?” என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் கணக்கிட்டே விடை சொல்லவேண்டும். மாணவர்கள் பழகவேண்டியது இரண்டாவது கேள்வி.

முதலில் யாரை?

ஓர் அறையில் ஷாட்கன் வீரன், இம்ப், டீமன் மூவரும் இருந்தால் புதிதாக விளையாடுபவர் பெரிய உருவமான டீமனைப் பார்த்துத்தான் முதலில் சுடுவார். கணக்கு வேறு சொல்கிறது.

ஷாட்கன் வீரன் தாங்குவது 30 மட்டுமே. ஆனால் அவன் சுட்டால் அக்கணமே படும், விலகித் தப்ப முடியாது. ஒரே வெடியில் 45 வரை போகலாம். இம்ப் எறியும் நெருப்புருண்டை மெதுவாக வரும். பக்கவாட்டில் நகர்ந்தால் தப்பலாம். டீமன் கிட்ட வந்தால்தான் கடிக்கும். எனவே வரிசை: முதலில் ஷாட்கன் வீரன், பிறகு இம்ப், கடைசியில் டீமன். வீழ்த்த எளிதானவனும் அவனே, தப்ப முடியாத சேதம் தருபவனும் அவனே.

செலவே இல்லாத உத்திகளும் உண்டு. ஒரு வகை எதிரியின் நெருப்பு வேறு வகை எதிரிமீது பட்டால் அவை தமக்குள் மோதிக்கொள்ளும். அவற்றுக்கு நடுவே நின்று விலகிவிட்டால், நம் தோட்டா ஒன்றும் செலவாகாமல் எதிரிகள் குறைவர். வாசலில் நின்றால் ஒரு நேரத்தில் ஓரிருவர்தான் வர முடியும். சுடும் ஓசை திறந்த வழிகளில் பரவி மற்ற எதிரிகளை எழுப்பும். எனவே தேவையற்ற வெடிக்கு இரட்டைச் செலவு.

பெரிய எண் எப்போதும் நல்லதா?

உயர்வகுப்பு மாணவர்களுக்கு ஏற்ற கணக்கு இது. பச்சைக் கவசம் 100 புள்ளி. வரும் சேதத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தான் ஏற்கும். நீலக் கவசம் 200 புள்ளி, பாதியை ஏற்கும். அடிபட்டு நீலக் கவசம் 90 ஆகியிருக்கிறது. எதிரில் புதிய பச்சைக் கவசம். எடுத்தால் எண் 100 ஆகும். ஆனால் ஏற்கும் பங்கு மூன்றில் ஒன்றாகக் குறையும். எடுக்கலாமா?

உயிர்ப்புள்ளி 100 என்று கொள்வோம். நீலம் 90 இருந்தால் 180 சேதம் வரை பாதி பாதியாகப் பிரியும். அப்போது உயிர்ப்புள்ளி 10 மிஞ்சும். மொத்தம் 190 சேதத்தில் ஆட்டம் முடியும். பச்சை 100 என்றால் சேதத்தில் மூன்றில் இரண்டு பங்கு உடலில் விழுவதால் 150 சேதத்திலேயே முடிந்துவிடும். பாதிக் கவசம் பயன்படாமல் நிற்கும். ஆகவே எடுக்காதிருப்பதே நல்லது.

ஆனால் வழியில் மருந்துப் பெட்டிகள் நிறைய இருப்பது தெரிந்தால்? அப்போது பச்சைக் கவசத்தின் 100 புள்ளியும் முழுதாகப் பயன்பட வாய்ப்புண்டு. 90ஐவிட அது அதிகம். ஒரே கணக்குக்குச் சூழலைப் பொறுத்து இரண்டு விடை. இரு அணியாகப் பிரித்து வாதிட விட்டால் வகுப்பு கலகலப்பாகும்.

வகுப்பறைச் செயல்பாடு: தீயணைப்பு நிலையம்

எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, சுடுவதைத் தீ அணைப்பதாக மாற்றிவிடலாம். ஐவர் கொண்ட குழுவுக்கு ஒரு தாயக்கட்டை போதும். ஆறு முகப் பகடை இல்லையென்றால் 1 முதல் 6 வரை எழுதிய சீட்டுகள் போதும்.

1. பகடையில் 1, 2 விழுந்தால் 5. 3, 4 விழுந்தால் 10. 5, 6 விழுந்தால் 15 என்று கொள்க.
2. ‘குவளை’ ஒன்றைப் பயன்படுத்தினால் ஒரு முறை உருட்டவேண்டும். ‘குழாய்’ ஒன்றைப் பயன்படுத்தினால் ஏழு முறை உருட்டிக் கூட்டவேண்டும்.
3. ஒரு குழுவுக்கு 30 குவளை, 6 குழாய்.
4. அணைக்கவேண்டியவை: 20 அளவுள்ள சிறு தீ ஆறு, 60 அளவுள்ள நடுத்தரத் தீ நான்கு, 150 அளவுள்ள பெருந்தீ இரண்டு.
5. ஒரு தீக்குத் தேவைக்கு மேல் ஊற்றிய நீர் வீண். அடுத்த தீக்குச் சேராது.
6. ஒவ்வொரு முறையும் உருட்டுவதற்கு முன், எதைப் பயன்படுத்துகிறோம், ஏன் என்று ஒரு வரி எழுதவேண்டும்.

தீயின் மொத்த அளவு 660. கையிருப்பின் சராசரிப் பயன் 720. இடைவெளி குறைவு. சிறு தீக்குக் குழாயை எடுத்த குழு பெருந்தீயிடம் வரும்போது வெறுங்கையாக நிற்கும். இதை நாம் முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை, அவர்களே காணட்டும்.

இரண்டாம் சுற்றில் தொடக்கத்தில் 15 குவளை மட்டும் கொடுத்து, சிறு தீ ஒன்றை அணைத்தால் 3 குவளை திரும்பக் கிடைக்கும் என்று விதியை மாற்றலாம். எந்த வரிசையில் அணைப்பது என்ற பேச்சு தானாக எழும்.

முடிந்தபின், சிறு தீ இரண்டு குவளையில் அணைந்தது எத்தனை முறை என்று எல்லாக் குழுக்களின் பதிவையும் சேர்த்துக் கரும்பலகையில் எழுதுங்கள். அது பட்டறி நிகழ்தகவு. அருகில் 6/9 என்ற கணக்கிட்ட மதிப்பை எழுதுங்கள். குழுக்களின் எண்ணிக்கை கூடக் கூட இரண்டும் நெருங்குவதை மாணவர்கள் கண்ணால் பார்க்கலாம்.

மதிப்பீட்டுக்கு ஆறாம் விதியில் எழுதிய வரிகளே போதும். தீயெல்லாம் அணைந்த குழுவைவிட, தோற்றாலும் காரணத்தைச் சரியாக எழுதிய குழு பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கலாம். பகடை யாருக்கும் எதிராகவும் விழும். நல்ல முடிவும் நல்ல விளைவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே பேசலாம்.

கவனிக்கவேண்டியவை

‘டூம்’ இரத்தமும் வன்முறையும் நிறைந்த விளையாட்டு. அது வெளியாவதற்கு முதல் நாள், 1993 டிசம்பர் 9 அன்றுதான், அமெரிக்க செனட்டில் விளையாட்டுகளில் வன்முறை பற்றிய விசாரணை நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1994இல் அங்கே வயது வகைப்பாட்டு அமைப்பு உருவானது. அதன் வகைப்பாட்டில் ‘டூம்’ 17 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கானது. எனவே பள்ளிக் கணினியில் இதை நிறுவவோ, மாணவர்களை விளையாடச் சொல்லவோ வேண்டாம். வகுப்புக்கு எண்கள் மட்டும் போதும்.

இன்னொன்றையும் மாணவர்களிடம் பேசலாம். அந்தப் பழைய விளையாட்டில் தோட்டா தீர்ந்தால் யோசிக்கவேண்டும். பணம் கொடுத்து வாங்க வழியில்லை. இன்று பல கைபேசி விளையாட்டுகளில் பொருள்களைப் பணம் கொடுத்து வாங்கலாம். அங்கே செலவாவது விளையாட்டின் இருப்பு மட்டுமல்ல, வீட்டின் இருப்பும்தான். ‘இருப்பு எவ்வளவு, செலவு எவ்வளவு’ என்று எழுதிப் பழகிய மாணவன், தான் விளையாடும் நேரத்துக்கும் அப்பாவின் கைபேசியில் போன பணத்துக்கும் ஒரு வாரக் கணக்கு எழுதிப் பார்க்கலாம். அதை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள், மதிப்பெண் வேண்டாம்.

விளையாடும் பிள்ளையிடம் “என்ன கேம் அது?” என்று கேட்பதோடு நிறுத்தாமல், “அந்த இடத்துல ஏன் அதை எடுத்த?” என்றும் கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் காரணத்தில் ஒரு சராசரியோ ஒரு நிகழ்தகவோ இருந்தால், அதற்குரிய பாடப்பெயரை அங்கேயே சொல்லிக்கொடுத்துவிடலாம்.